காமன் பொட்டலும் கோரிக்கைப் பட்டியலும்

(பம்பலப்பிட்டியில் நம் சங்கத்தின் கொழும்பு வாழ் உறுப்பினர்களும் அவர்களது குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில், சங்கத்தின் கலை கலாசாரக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



நாம் கூடியிருக்கும் பம்பலப்பிட்டி தமிழ்க் கலைகளுக்குப் பேர்போன இடம். இங்கே சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றமும் கச்சேரியும் நடக்கும். ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வேல் வரும்போது வீதியின் இரு பக்கமும் சனம் நிற்கும். அந்தச் சனத்தில் நாமும் நிற்கிறோம், மகிழ்கிறோம். ஆனால் இந்த ஊரில் 'கலை' என்று சொன்னால் காமன் கூத்தும் தப்பும் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை? மற்றவர்களைக் குறை சொல்லுமுன் நம் வாயையே கவனிப்போம். பிள்ளை குழப்படி செய்தால், "என்ன கூத்தடிக்கிறாய்?" என்று ஏசுகிறோம். பெருமை பேசுகிறவனைப் பார்த்து, "தம்பட்டம் அடிக்காதே" என்கிறோம். கூத்தும் கொட்டும் தமிழில் ஏச்சுச் சொற்களாகிவிட்டன. ஆனால் இருநூறு ஆண்டுகள் நம்மைத் தாங்கிப் பிடித்தவை அவைதான்.

இன்று நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். நம்முடைய கலை நம்முடைய உழைப்போடும் நாளாந்த வாழ்வோடும் பிறந்தது. அது வாழ வேண்டுமானால் அதற்கு நேரம் வேண்டும், நிலம் வேண்டும், மரியாதை வேண்டும். இந்த மூன்றும் தொழிற்சங்கக் கோரிக்கைகள். ஆகவே காமன் பொட்டலும் தப்பும் கலைவிழா நிகழ்ச்சி நிரலில் மட்டும் இருந்தால் போதாது. நம் கோரிக்கைப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும்.

முதலில் இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோதும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்பும், திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1864இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் கவிழ்ந்து 120 பேர் கடலோடு போனார்கள். அந்தப் பயணத்தில் பெட்டி படுக்கை கொண்டுவர முடியாதவர்களும் கதையைக் கொண்டுவந்தார்கள். பாட்டைக் கொண்டுவந்தார்கள். சாமியைக் கொண்டுவந்தார்கள்.

ஒரு தோட்டத்தில் எந்தக் கூத்து ஆடப்படுகிறது என்று கேட்டால், அந்த மக்கள் எந்தச் சீமையிலிருந்து வந்தார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். பொன்னர் சங்கர் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் இன்றும் மாசி மாதத்தில் அதற்குப் பெரிய திருவிழா நடக்கிறது. அந்தக் கதையை நம் மலைகளில் ஆடும்போது, படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தங்கை அருக்காணி தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். அருச்சுனன் தபசில் அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். நல்லதங்காள் கதை பஞ்சத்தின் கதை. பஞ்சத்துக்குத் தப்பி வந்த சனத்துக்கு அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவற்றிலெல்லாம் பெரியது காமன் கூத்து. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை இரவிரவாக ஆட்டம். மதன், ரதி, தூதன், சிவன், வீரபத்திரன், எமன், காளி, குறவன், குறத்தி என்று வேடங்கள் வரும். வேடம் கட்டுகிறவர்கள் கவிச்சியும் மதுவும் விட்டு விரதம் இருப்பார்கள். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டியவர், கான் வெட்டியவர், மருந்து அடித்தவர்தான் இரவில் மதனாகவும் தூதனாகவும் வருவார். அவரைப் பார்க்கக் குந்தியிருப்பவர்கள் அவரோடு ஒரே நிரையில் நிற்கிறவர்கள். கூத்துக்காரர் வேறு, பார்வையாளர் வேறு என்ற பிரிவு அங்கே கிடையாது. தலைப்பாகை கட்ட ஒரு வீட்டுச் சேலை, வேடத்துக்கு இன்னொரு வீட்டு மாலை, விளக்குக்கு எண்ணெய் வேறொரு வீட்டிலிருந்து என்று முழு லயமும் சேர்ந்து நடத்துவது அது.

இந்தக் கதையைத் தொழிலாளியின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சிவன் தவத்தில் இருக்கிறார். தேவர்களுக்கு அந்தத் தவம் கலைய வேண்டும். யார் போவது? இந்திரன் போகவில்லை. மதனுக்குத் தூதன் வழியாக ஓலை போகிறது. ரதிக்கு இது நல்லதற்கல்ல என்று தெரியும். போகாதே என்று தடுக்கிறாள், வாதாடுகிறாள். மதன் ஏவலுக்குக் கட்டுப்பட்டுப் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. மதன் எரிகிறான். ஏவியவர்களுக்கு ஒரு சூடும் படவில்லை. ஏவலுக்குப் போனவன்தான் சாம்பலானான். ரதி சும்மா இருந்துவிடவில்லை. அழுகிறாள், முறையிடுகிறாள், தன் புருஷனை மீட்டுக்கொள்ளும்வரை ஓயவில்லை.

துரை சொன்னார், கங்காணி சொன்னார் என்று அட்டைக் கடியிலும் செங்குத்துச் சரிவிலும் போய் நின்ற சனத்துக்கு இந்தக் கதை வெறும் புராணமாக மட்டும் இருந்திருக்க முடியாது என்றே நாம் நினைக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகையில் இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. அதே வாதப் பழக்கம் நம்மவரோடும் வந்தது. மேலதிகாரியின் முன் வாய் திறக்க முடியாத காலத்தில், பொட்டலில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் அவர்களுக்கு இடம் இருந்தது. சங்கக் கூட்டம் வருமுன்பே நம் மக்கள் கூடிப் பேசிய இடம் அதுதான்.

அடுத்தது தப்பு. தோட்டத்தில் பொழுது விடிவதே ஒருகாலத்தில் தப்புச் சத்தத்தில்தான். இருட்டோடு இருட்டாகத் தப்பு அடித்து ஆட்களை எழுப்பி, பிரட்டுக்களத்துக்கு வரவழைத்தார்கள். ஆக, துரைக்கு அது ஆள் கூட்டும் கருவி. அதே தப்பைச் சருகு கொளுத்திச் சூடு காட்டி மாரியம்மன் திருவிழாவில் அடித்தபோது அது நம்முடையதாக இருந்தது. காமன் பொட்டலில் மதன் ஆடுவதும் அந்த அடிக்குத்தான். சாவு வீட்டில் கடைசிப் பயணத்துக்கு வழிவிட்டதும் அதே தப்புத்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூரத்து லயத்தில் படுத்திருக்கும் கிழவிகூட அடியைக் கேட்டே, அது சாமிக்கா சாவுக்கா என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் தப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்துப் பேசக்கூடாது. தப்பு அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று ஆக்கப்பட்டிருந்தது. சாவு விழுந்தால் அவர்கள்தான் வரவேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அதனால்தான் பல குடும்பங்களில் பிள்ளைகள், "இனித் தப்பைத் தொடமாட்டோம்" என்றார்கள். அது கலையை வெறுத்த முடிவல்ல. அவமானத்தை மறுத்த முடிவு. அந்தப் பிள்ளைகளிடம் போய், "பாரம்பரியம் அழிகிறதே, திரும்ப அடியுங்கள்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அடிமை வேலையாகப் பறை அடிக்க மறுத்த அதே இயக்கங்கள், தங்கள் விருப்பத்தோடு உரிமைக் குரலாகப் பறையைக் கையில் எடுத்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். 2025இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விரும்புகிறவர் யாராக இருந்தாலும் பழகலாம், அடிக்கிறவருக்குக் கூலியும் நாற்காலியும் உண்டு, எவரையும் எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்ற நிலை வந்தால்தான் தப்பு நிலைக்கும்.

பெண்களின் பங்கையும் பேசியாக வேண்டும். காமன் கூத்தில் ரதி வேடத்தையும் வழக்கமாக ஆண்தான் கட்டினார். பெண்களுக்கு மேடை இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் பாட்டு இருந்தது. பிள்ளைக் காம்பிராவில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, கோயில் முற்றத்தில் கும்மி, கொழுந்து மலையில் வேலைப் பாட்டு. அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையையும், ஏய்த்த கங்காணியையும் நேரில் ஏச முடியாதபோது பாட்டில் ஏசினார்கள். நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடியது அது. சி. வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். 1947இல் தலவாக்கலை மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அதே சி. வி.தான் அவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் சேர்த்து வைத்த பாடல்கள் நம்முடைய பதிவேடு. அரசாங்கப் பதிவேட்டில் நம் பெயர் இல்லாத காலத்திலும் அந்தப் பதிவேட்டில் நாம் இருந்தோம்.

பாட்டின் பலத்தை முதலில் உணர்ந்தவர்கள் நம் சங்க முன்னோடிகள். கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடினார். சனத்துக்குத் தெரிந்த மெட்டுகளில் சம்பளத்தையும் உரிமையையும் வைத்துப் பாடினார். வாசிக்கத் தெரியாதவரும் பாட்டை மனதில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். கலை ஒரு பக்கம், சங்கம் மறு பக்கம் என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இனி, இந்த மண்டபங்களில் மதிக்கப்படும் கலைகளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இன்று பரதநாட்டியம் என்று போற்றப்படுவது முன்பு சதிர் என்று அழைக்கப்பட்டது. தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்தார்கள். 1930களில் அது புதிய மேடைக்கு ஏறியது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெண்களைக் கட்டிப்போட்ட முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் கலைக்குக் கிடைத்த மரியாதை, அதை வளர்த்த குடும்பங்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. கலை மேடை ஏறியது. கலைஞர் கீழே நின்றார். நாளைக்குக் காமன் கூத்துக்கும் தப்புக்கும் கொழும்பு மேடையில் கைதட்டல் கிடைத்து, தோட்டத்துக் கூத்து வாத்தியார் பார்வையாளர் வரிசையிலும் இல்லாமல் போனால் அதுவும் இதே கதைதான்.

நல்ல உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற நாடகங்களை மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார். ஆனால் பழக்கியவர்கள் ஊர் அண்ணாவிமார். பட்டதாரி மாணவர் அண்ணாவியாரின் முன் மாணவராக நின்றார்கள். அதனால் கூத்துக்கும் மதிப்பு வந்தது, அண்ணாவியாருக்கும் மதிப்பு வந்தது. அந்த வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலையிலும் தேயிலைத் தோட்டம் இருந்தது. தோட்டத்துக் கூத்துக்கு அன்று அப்படியொரு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் தொடங்கலாம்.

கூத்து ஏன் குறைந்து வருகிறது? "இளையவர்களுக்கு அக்கறையில்லை, எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். காரணங்கள் அதற்கு முந்தியவை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மை எண்ணிப் பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை இழுபட்டது. ஒரே லயத்தில் ரதி வேடக்காரர் தலைமன்னாரில் கப்பலேற, மதன் வேடக்காரர் இங்கே நின்றார். பாட்டு முழுவதும் மனப்பாடமாக வைத்திருந்த வாத்தியார் கூடலூரிலோ கோத்தகிரியிலோ வேறொரு தேயிலை மலையில் போய் இறங்கினார். கொப்பியில் எழுதாத பாட்டு அவரோடு போனது.

அடுத்த காரணம் நேரம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்காகப் போராடினோம்; 2021இல் சம்பளச் சபை மூலம் அது வந்தது. 2024இல் 1,350 ரூபாவானது. ஆனால் சம்பளம் ஏறும்போதெல்லாம் பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோவும் ஏறுகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போனால்தான் வீட்டுச் செலவு சரிவரும் என்றால், பதினைந்து இரவு யார் கண் விழிப்பது? அந்த வருமானமும் போதாமல்தான் நீங்கள் கொழும்புக்கு வந்தீர்கள். வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கும் தம்பிக்கு மாசி மாதத்தில் லீவு கேட்டால் வேலையே போய்விடும். பொட்டல் வெறுமையாவது அக்கறையில்லாமல் அல்ல, ஆளில்லாமல்.

மூன்றாவது நிலம். நாம் 7 பேர்ச் காணியும் தனி வீடும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். லய வாழ்க்கை முடிய வேண்டும். ஆனால் வீட்டுத் திட்ட வரைபடம் போடும்போது காமன் பொட்டல் எந்த அடையாளமும் இல்லாத வெற்றுத் தரையாகவே தெரியும். அங்கே கட்டடமும் இல்லை, உறுதியும் இல்லை. நாம் வாய் திறக்காவிட்டால் அது யாருடைய பங்கிலாவது போய்விடும். பிறகு பேரப்பிள்ளைகளுக்கு, "இங்கேதான் காமன் எரித்தோம்" என்று மதிலைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே தோழர்களே, கலை கலாசாரக் குழு சார்பில் ஐந்து விடயங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், காமன் எரிப்புக்கு மறுநாள் சம்பளத்தோடு விடுமுறை கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் இதைச் சிறிய விடயம் என்று யாரும் ஒதுக்கக்கூடாது.

இரண்டு, காணியும் வீடும் வழங்கப்படும் ஒவ்வொரு தோட்டத்திலும் காமன் பொட்டலைப் பொதுக்காணி என்று வரைபடத்தில் குறிக்கச் செய்ய வேண்டும். தோட்டத் தலைவர்மார் ஒவ்வொருவரும் தத்தம் பிரிவில் பொட்டல் எங்கே இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும்.

மூன்று, சங்க ஊர்வலத்துக்கோ மே தினத்துக்கோ தப்புக் கலைஞரை அழைத்தால் பேசிய கூலி கொடுக்க வேண்டும், மேடையில் பெயர் சொல்ல வேண்டும். சாதி சொல்லி எவரையும் தப்படிக்கக் கூப்பிடும் வழக்கம் நம் உறுப்பினர் எவரிடமும் இருக்கக்கூடாது. பழக விரும்பும் ஆண் பெண் எல்லோருக்கும் பழக்க வேண்டும்.

நான்கு, தாய்மாரின் தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாடல்களையும், வாத்தியார்மாரின் கூத்துப் பாடல்களையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. உங்கள் கையில் இருக்கும் போன் போதும். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, திகதி நான்கையும் அவருடைய சம்மதத்தோடு சேர்த்துப் பதியுங்கள். பெயரில்லாத பாட்டாக நம் பாட்டிமாரின் பாட்டு இனியும் போகக்கூடாது.

ஐந்து, நம் மே தின மேடையில் சினிமாப் பாட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது நம் கூத்துக்குக் கொடுக்க வேண்டும்.

2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியை நினைவுபடுத்திய நடை அது. வழியெங்கும் சிங்கள, முஸ்லிம், தமிழ்ச் சகோதரர்கள் வரவேற்றார்கள். நம் வரலாற்றைச் சொன்னால் கேட்க இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்த நடை காட்டியது. அந்த வரலாற்றை இரவிரவாகச் சொல்லி வந்த கூத்தை நாம் கைவிடலாமா?

இந்த மண்டபத்தில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். வேலையை விட்டுவிட்டு வந்து பதினைந்து நாள் ஆடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது தோட்டத்துக் கூத்துச் செலவுக்கு ஒரு நூறு ரூபா சேர்த்து அனுப்புங்கள். காமன் எரிக்கும் இரவுக்காவது ஊருக்குப் போகப் பாருங்கள். தூதன் பாட்டு தெரிந்த தாத்தா இன்னும் இருந்தால், அவரிடம் ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். லீவு எடுத்துத் தருவதற்குச் சங்கம் பேசும். பொட்டலைக் காப்பாற்றச் சங்கம் பேசும். ஆனால் வேடம் கட்டச் சங்கத்தால் ஆகாது. அதற்கு நீங்கள்தான் விரதம் இருக்க வேண்டும்.